நுரைக்கும் மருந்தும் பெயரில்லாப் போத்தலும்

(கிளைச் சங்கத்தின் கல்வி வகுப்பில், தோட்டத்துக் கிராணியும் கிளைச் செயலாளருமான தோழர் ஆற்றிய சொற்பொழிவு.)

 

விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நின்று உங்கள் பெயர்களை வாசிப்பவன் நான். இன்று மாலை பெயர் வாசிக்க வரவில்லை, பேச வந்திருக்கிறேன். ஆகவே யாரும் கையைத் தூக்கி "ஆஜர்" சொல்ல வேண்டியதில்லை. சற்றுக் காது கொடுத்துக் கேட்டால் அதுவே போதும்.

இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம் ஹைட்ரஜன் பெராக்ஸைடு என்னும் மருந்து. பெயர் வாயில் நுழையாததுபோலத் தோன்றும். ஆனால் பொருள் நமக்குப் புதியதன்று. முழங்காலில் அடிபட்டுத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போன நாளில், டிரெசர் ஒரு துளி ஊற்றப் புண் வெள்ளையாய் நுரைத்ததே, அதே மருந்துதான். இப்போது அது புண்ணைவிட்டுப் புழக்கடைக்கு வந்துவிட்டது. வாடிய செடிக்கு ஊற்றினால் பிழைக்கும், அழுகிய வேர் மறுபடி தளிர்க்கும், பூச்சி ஓடும், மிளகாய் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும் என்று கைப்பேசியில் படம் மேல் படமாக வருகிறது. நம் லயத்துப் பெண்கள் அதைப் பார்த்துவிட்டுப் பட்டணத்து மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிறார்கள். சிலர் தோட்டத்து ஸ்டோரிலேயே கேட்கிறார்கள்.

இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். நான் விஞ்ஞானியல்லன், தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு ஆபீஸ் மேசைக்கு வந்தவன். மருந்துப் பெட்டிகளின் மேலுள்ள சீட்டைப் படித்துப் படித்துத் தெரிந்துகொண்டதும், படித்தவர்களைக் கேட்டு அறிந்ததும்தான் என் படிப்பு. அதைவிடப் பெரிய யோக்கியதை ஒன்று உண்டு. இந்த மருந்தை வைத்து ஒரு பெருந்தவறு செய்தவன் நான். அதை ஒளிக்காமல் இந்தச் சபையில் சொல்லப் போகிறேன். அதற்கு முன், மருந்து இன்னதென்று தெரிந்துகொள்வோம்.

மருந்து இன்னது

தண்ணீரில் இரண்டு பொருள்கள் சேர்ந்திருக்கின்றன: ஹைட்ரஜன் ஒன்று, நாம் மூச்சில் இழுக்கும் பிராணவாயு மற்றொன்று. தண்ணீரோடு இன்னும் ஒரு பங்கு பிராணவாயுவைக் கூட்டிக் கட்டினால் ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஆகிறது. தெனார் என்னும் பிரெஞ்சு ரசாயன அறிஞர் 1818-ஆம் ஆண்டில் இதைக் கண்டுபிடித்தார்.

அந்த அதிகப்படியான பங்கு உறுதியாக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. சமயம் கிடைத்தால் பிரிந்துவிடும். வெயில் பட்டாலும், சூடு பட்டாலும், இரும்புத்துரு, செம்பு போன்றவை பட்டாலும் பிரியும். உயிருள்ள பொருள்கள் பட்டாலோ கேட்க வேண்டியதே இல்லை. நம் இரத்தத்திலும், செடியின் சாற்றிலும், மண்ணிலுள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமிகளிலும் இந்த மருந்தைப் பிரிப்பதற்கென்றே ஒரு சத்து இருக்கிறது. புண் நுரைப்பது அதனால்தான். நுரை என்பது வெளியேறும் பிராணவாயு. மிஞ்சுவது வெறும் தண்ணீர்.

பிரியும் அந்தப் பிராணவாயுவுக்கு எரிக்கும் குணம் உண்டு. கிருமியைத் தொட்டால் கிருமியை எரிக்கும். பூஞ்சணத்தைத் தொட்டால் பூஞ்சணத்தை எரிக்கும். ஆனால் நல்லது எது, கெட்டது எது என்று அதற்குத் தெரியாது. நம் தோலைத் தொட்டால் தோலையும் எரிக்கும். புண் ஆறுவதற்காக வரும் புதுத் தசையையும் கெடுப்பதால், புண்ணுக்கு இதை வழக்கமாக ஊற்ற வேண்டாம் என்றே இன்றைய வைத்தியர்கள் சொல்கிறார்கள். இந்த ஒரு குணத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், இனி நான் சொல்லப்போவதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

நூற்றுக்கு எவ்வளவு?

பால் நிறுக்கும் இடத்தில், வாளியில் எத்தனை கிலோ என்பதோடு நம் கணக்கு முடிவதில்லை. அதில் நூற்றுக்கு எவ்வளவு ரப்பர் என்றும் பார்க்கிறோம் அல்லவா? இரண்டு வாளியும் வெள்ளையாகத்தான் இருக்கும்; ஒன்றில் மழைத்தண்ணீர் கலந்திருக்கும், மற்றொன்று கெட்டிப் பாலாயிருக்கும். பெராக்ஸைடும் அப்படியே. பெயர் ஒன்றாயிருந்தாலும் வீரியம் ஒன்றல்ல.

மருந்துக் கடையில் சிறு போத்தலில் விற்பது பெரும்பாலும் நூற்றுக்கு 3 வீதம். முடிக்குச் சாயம் பூசும் கடைகளில் 6, 9, 12 வீதம் வரை வைத்திருப்பார்கள். தொழிற்சாலைகளுக்கும் பெரிய பண்ணைகளுக்கும் பிளாஸ்டிக் கலன்களில் வருவது 35 வீதம், சில சமயம் 50 வீதம்.

3 வீத மருந்து ஒரு லிட்டர் முழுவதும் பிரிந்தால், ஏறத்தாழ 10 லிட்டர் பிராணவாயு வெளியாகும். 35 வீதத்தில் ஒரு லிட்டர் பிரிந்தால் ஏறத்தாழ 130 லிட்டர் வெளியாகும். ஒரு குழந்தை தண்ணீரென்று நினைத்து 35 வீத மருந்தை ஒரு வாய் விழுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 30 மில்லி லிட்டர் என்று கணக்கு வைப்போம். அது வயிற்றுக்குள் நாலு லிட்டர் வாயுவாக மாறக்கூடியது. குடலைச் சுடுவதோடு நில்லாமல், அந்த வாயு இரத்தக் குழாய்க்குள் புகுந்து ஓட்டத்தை அடைத்துவிடும். உயிர் போவதற்கு அது போதும்.

மிகுந்த வீரியமுள்ள பெராக்ஸைடு என்ன செய்யும் என்பதற்கு ஒரு சரித்திரச் சான்று சொல்கிறேன். 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் தேதி, கூர்ஸ்க் என்னும் ருஷிய நீர்மூழ்கிக் கப்பல் வெடித்து மூழ்கியது. அதிலிருந்த 118 பேரும் மாண்டார்கள். கப்பலிலிருந்த ஒரு டார்பிடோ குண்டை ஓட்டுவதற்கு வைத்திருந்த கெட்டியான பெராக்ஸைடு கசிந்து பிரிந்ததே முதல் வெடிப்புக்குக் காரணமென்று விசாரணையில் தெரிந்தது. நம் ஸ்டோரில் இருப்பது அவ்வளவு வீரியமுள்ளதல்ல. ஆனாலும் குலம் ஒன்றுதான்.

என் தவறு

இனி என் கதைக்கு வருகிறேன்.

நான் வேலை பார்த்த தோட்டத்தில் ஒரு நாற்றுப் பண்ணை இருந்தது. நாற்றுகளுக்குத் தண்ணீர் போகும் மெல்லிய குழாய்களில் அடிக்கடி பாசி அடைத்துக்கொள்ளும். அதைக் கழுவுவதற்காக 35 வீத பெராக்ஸைடு ஒரு கலன் வந்து சேர்ந்தது. ஸ்டோர்ச் சாவி என் கையில்.

எங்கள் எதிர் லயத்தில் ஓர் அக்கா இருந்தார். முப்பது வருஷம் பால் வெட்டியவர். வீட்டுக்குப் பின்னால் இருபது தகர டின்களில் மிளகாய் வைத்திருந்தார். ஒரு நாள் சாயங்காலம் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, செடிக்கு ஊத்துற மருந்து உங்க ஸ்டோர்ல இருக்காமே? மிளகாயெல்லாம் சுருண்டு கெடக்கு. கொஞ்சம் குடுப்பா."

நானும் பெரிய மனுஷனைப்போல் உள்ளே போனேன். கையில் அகப்பட்ட காலியான குடிதண்ணீர்ப் போத்தலில் பாதி ஊற்றினேன். "தண்ணி கலந்து ஊத்துங்கக்கா" என்று சொல்லிக் கொடுத்தேன். எவ்வளவு தண்ணீர் என்று சொல்லவில்லை. எத்தனை வீதம் என்று சொல்லவில்லை. போத்தலில் ஒரு சீட்டும் ஒட்டவில்லை. உதவி செய்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

அவர் பார்த்த படத்தில் ஒரு வாளித் தண்ணீருக்கு அரைக் கோப்பை என்று சொல்லியிருக்கிறார்கள். அது 3 வீத மருந்துக்குச் சொன்ன கணக்கு. அக்கா அதே அரைக் கோப்பையை ஊற்றினார். ஆனால் அவர் கையிலிருந்ததோ ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு வீரியமுள்ளது. ஊற்றும்போது விரல்களில் வழிந்தது. சிறிது நேரத்தில் விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பு பூசினதுபோல் வெளுத்து, முள் குத்துவதுபோல் வலித்தது. மறுநாள் காலையில் மிளகாய் இலைகள் வெள்ளைத் திட்டாகக் கருகிக் கிடந்தன. பாதிச் செடிகள் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்த மேடையில் நின்று இவ்வளவு வருந்த வேண்டியதில்லை. மிச்சமிருந்த போத்தலை அவர் அடுப்பங்கரை அலமாரியில் வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பேரன், தாகத்தில் அதை எடுத்து மூடியைத் திருகினான். "புஸ்" என்று சத்தம் வந்தது. பையன் வேடிக்கையாகச் சிரித்தான். அந்தச் சிரிப்புச் சத்தந்தான் அவனைக் காப்பாற்றியது. அக்கா திரும்பிப் பார்த்தார்; ஒரே தட்டில் போத்தலைத் தட்டிவிட்டார்.

மறுநாள் அவர் என்னிடம் வந்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசவில்லை. வெளுத்த விரல்களைக் காட்டிவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்:

"தம்பி, அதுல பேரு எழுதியிருக்கக் கூடாதா? எனக்குத்தான் எழுத்துத் தெரியாது. என் பேரன் படிப்பானே."

தோழர்களே, எழுத்துத் தெரிந்தவன் என்பதற்காகத்தான் எனக்கு இந்த மேசையையும் நாற்காலியையும் கொடுத்திருக்கிறார்கள். எழுத வேண்டிய இடத்தில் நான் எழுதவில்லை. அன்றே துரையிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கண்டிப்புக் கிடைத்தது. அது நியாயமான கண்டிப்பு.

கொல்லையில் எதற்கு உதவும்?

இந்தக் கதையைக் கேட்டு, மருந்தே ஆகாது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். குற்றம் மருந்தினுடையதல்ல. கண்ணாடிக் கூடங்களில் பயிர் செய்பவர்களும், மண்ணில்லாமல் தண்ணீரில் பயிர் வளர்ப்பவர்களும் குழாய்களையும் தொட்டிகளையும் சுத்தம் செய்ய இதை உபயோகிக்கிறார்கள். அமெரிக்காவில் இயற்கை முறை விவசாயத்துக்கான சர்க்கார் விதிகளிலும் இதற்கு இடமுண்டு. காரணம், வேலை முடிந்ததும் தண்ணீரும் பிராணவாயுவுமாகப் பிரிந்துவிடுகிறது. மண்ணில் விஷம் தங்குவதில்லை. மருந்துக் கடையின் 3 வீதப் போத்தலை வைத்துக்கொண்டு நம் கொல்லையில் செய்யக்கூடிய வேலைகள் நாலைந்து உண்டு.

முதலாவது, விதை. சென்ற போகத்துக் காயிலிருந்து எடுத்து வைத்த மிளகாய், கத்தரி, புடலை விதைகளின் மேல்தோலில் பூஞ்சணம் ஒட்டியிருக்கும். 3 வீத மருந்தில் ஐந்து முதல் பத்து நிமிஷம் விதையை ஊறப்போட்டு, நல்ல தண்ணீரில் மூன்று நாலு முறை அலசி, உடனே விதைக்கலாம். இராத்திரி முழுவதும் ஊறப்போட்டால் முளையும் சேர்ந்து கெடும்.

இரண்டாவது, தொட்டியும் டின்னும். நோய் வந்து செத்த செடியின் டின்னில் புதுச்செடி வைக்குமுன், மண்ணை முழுக்கக் கழுவிவிட வேண்டும். பிறகு 3 வீத மருந்தால் உட்புறத்தை நனைத்துப் பத்து நிமிஷம் விட்டு, கழுவிக் காயவைக்க வேண்டும். மண் ஒட்டியிருக்கும்போது ஊற்றினால், மருந்தின் வீரியமெல்லாம் மண்ணோடு போய்விடும். துருப்பிடித்த டின்னிலும் மருந்து சீக்கிரம் வீணாகும்; பிளாஸ்டிக் தொட்டிக்கே இது பொருந்தும்.

மூன்றாவது, கத்தி. மழைக்காலத்தில் வெட்டுப் பட்டையில் வரும் அழுகல் நோய் உளியின் வழியாக மரத்துக்கு மரம் பரவும் என்பது பால் வெட்டுகிறவர்களுக்குத் தெரிந்த சங்கதி. கொல்லைச் செடிக்கும் அதே நியாயந்தான். நோயுள்ள கிளையை வெட்டிய கத்தியைக் கழுவி, மருந்தில் பத்து நிமிஷம் வைத்து, துடைத்து, சிறிது எண்ணெய் தடவுங்கள். இல்லாவிட்டால் கத்தி துருப்பிடிக்கும். பால் உளிக்கு மட்டும் இதைச் சொந்தமாகச் செய்ய வேண்டாம்; வெட்டுப் பட்டைக்குத் தோட்டத்தில் கொடுக்கும் மருந்து வேறு.

நாலாவது, இலைமேல் மாவு பூத்தாற்போல் வரும் நோய். வெள்ளரி, பூசணி இலைகளில் பார்த்திருப்பீர்கள். 3 வீத மருந்து ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்தால் ஆயிரத்துக்கு 3 என்ற அளவாகும். முதலில் ஓர் இலையில் தெளித்து ஒரு நாள் பாருங்கள். இலை வெளுக்காவிட்டால் மற்றவற்றுக்கு வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கலாம். மேலே தெரியும் பூஞ்சணத்தைத்தான் இது அடக்கும். உள்ளே புகுந்த நோயைத் தீர்க்காது. ஒரு மழை பெய்தால் மறுபடியும் வரும்.

ஐந்தாவது, பூவாளி, தண்ணீர்க் குழாய் இவற்றில் பிடிக்கும் பாசி. மருந்தை ஊற்றிச் சிறிது நேரம் விட்டுத் தேய்த்துக் கழுவினால் போதும்.

கலந்த மருந்தை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் வீரியம் குறைந்துகொண்டே போகும்.

எதற்கு உதவாது?

இனி, படங்களில் சொல்லும் அதிசயங்களைப் பார்ப்போம்.

இது உரம் என்கிறார்கள். உரமென்றால் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து வேண்டும். ரப்பர்க் கன்றுக்கு உரம் போட்டவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பெராக்ஸைடில் இவற்றில் ஒன்றும் கிடையாது. மழைத் தண்ணீரில் இது இருக்கிறது, அதனால்தான் மழைக்குப் பின் செடி பச்சையாகிறது என்றும் சொல்கிறார்கள். மழையில் இருப்பது மெய். ஆனால் மிக மிகச் சொற்ப அளவு. அதைக் காட்டி ஒரு போத்தலை விற்பது, கடலில் உப்பு இருக்கிறதென்று சொல்லி ஒரு மூட்டை உப்பைச் செடிக்குக் கொட்டச் சொல்வதற்குச் சமானம்.

அழுகிய வேருக்குப் பிராணவாயு கொடுக்கிறது என்கிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும். ஆயிரத்துக்கு 3 அளவில் ஒரு லிட்டர் ஊற்றினால் ஏறத்தாழ ஒரு லிட்டர் பிராணவாயு கிடைக்கும். ஆனால் அது குமிழி குமிழியாக மேலே போய்விடும். வேரோ இரவும் பகலும் மூச்சு விடுகிறது. ஆகவே டின்னின் அடியில் ஆணியால் நாலு துளை போடுங்கள். அந்தத் துளை செய்யும் உபகாரத்தை எந்தப் போத்தலும் செய்யாது. துளைக்குக் காசும் இல்லை. நாற்று அடித்தண்டில் அழுகிச் சாய்வதற்கும் முக்கிய காரணம் தண்ணீரை அளவுக்கு மேல் ஊற்றுவதும், நாற்றை நெருக்கி வைப்பதுந்தான்.

மண்ணிலுள்ள கிருமிகளை ஒழிக்கும் என்கிறார்கள். எல்லாக் கிருமியும் சத்துருவல்ல. நம் தோட்டங்களில் ரப்பர்க் கன்றுகளுக்கிடையே மூடுபயிர்க் கொடிகளை ஏன் வளர்க்கிறார்கள்? அதன் வேர் முடிச்சுகளிலுள்ள கிருமிகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகின்றன. கொல்லையில் நாம் போடும் பயற்றங்காய்க்கும் அதே வேலையாட்கள்தான். கெட்டியான மருந்தை அடிக்கடி மண்ணில் ஊற்றுகிறவன், சம்பளம் வாங்காமல் உழைக்கும் அந்தத் தொழிலாளிகளைத்தான் வேலையைவிட்டு நீக்குகிறான்.

ரப்பர் மரத்தின் வெள்ளை வேர் நோய்க்கு இதை ஊற்றலாமா என்று சிறு தோட்டம் வைத்திருக்கும் ஓர் அன்பர் என்னைக் கேட்டார். உதவாது. அந்தப் பூஞ்சணம் மண்ணுக்குள்ளே வேரோடு வேராகப் பரவுவது. மேலே ஊற்றிய மருந்து அதை எட்டுமுன் மண்ணிலேயே தீர்ந்துவிடும். நோயுற்ற வேரைத் தோண்டி அப்புறப்படுத்துவதும், அதற்கென்று பதிவு பெற்ற மருந்தை உபயோகிப்பதுந்தான் வழி.

பால் வற்றிப்போன மரத்தின் பட்டையில் தடவலாமா என்றும் கேட்டார். இதில் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. அளவுக்கு மீறி வெட்டி, அளவுக்கு மீறி ஊக்க மருந்து தடவிய மரத்தின் பால்குழாய்களில், பிராணவாயுவிலிருந்து வரும் இவ்விதமான எரிக்கும் பொருள்கள் மிகுந்துபோகின்றன. அதனால் பால் உள்ளேயே உறைந்துவிடுகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். அப்படியிருக்க, வெளியிலிருந்து பெராக்ஸைடைத் தடவுவது எரிகிற வீட்டுக்கு எண்ணெய் கொண்டுபோவதல்லவா? அந்த மரத்துக்கு வேண்டியது ஓய்வு. உழைத்து ஓய்ந்தவர்களுக்கு ஓய்வுதான் மருந்து என்பது மரத்துக்கும் பொருந்துகிறது.

கடைசியாக, இதைக் குடித்தால் வியாதி தீரும் என்று சொல்லும் படங்களும் உண்டு. அப்படிச் சொல்பவர் யாராயிருந்தாலும் நம்ப வேண்டாம்.

ஸ்டோரிலும் வீட்டிலும்

கிராணிமார்களும் மருந்து வேலை பார்ப்பவர்களும் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

பெராக்ஸைடை எந்த மருந்தோடும் சேர்க்கலாகாது. முக்கியமாக, பால் உறையவைக்கும் பார்மிக் ஆசிட் நம் தோட்டங்களில் சர்வ சாதாரணம். அதோடு பெராக்ஸைடு சேர்ந்தால் வெடிக்கக்கூடிய வேறொரு பொருள் உண்டாகும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். ஒன்றை அளந்த குவளையால் மற்றொன்றை அளக்காதீர்கள். வீட்டில் காடியோடும் துணி வெளுக்கும் மருந்தோடும் கலக்கக் கூடாது.

காற்றுப் புகாமல் இறுக்கி அடைக்கக் கூடாது. வாயு சேர்ந்து போத்தல் வெடித்துவிடும். மருந்து வந்த கலனில்தான் காற்று போவதற்கு ஏற்ற மூடி இருக்கும். காண்டா வாளியிலோ, துருப்பிடித்த தகரத்திலோ ஊற்றி வைக்க வேண்டாம். வெயிலும் சூடும் படாத இடம் வேண்டும். கெட்டி மருந்து சிந்தினால் சாக்கினாலோ மரத்தூளினாலோ ஒற்றக் கூடாது; அவை தீப்பிடிக்கக்கூடும். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

35 வீத மருந்தைத் தொடுகிறவர்களுக்குக் கையுறையும் கண்ணாடியும் அவசியம். அதை லயத்துக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் கலந்து 3 வீதமாக்கிக்கொள்ளலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நாலு வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய்க் கண்ணை இழக்கலாகாது.

தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். கண்ணில் பட்டாலும் அப்படியே கழுவி, தாமதமில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். போகும்போது அந்தப் போத்தலையும் கையோடு எடுத்துப் போங்கள். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய விஷ முறிவு ஆலோசனை நிலையம் இருக்கிறது. டாக்டர்கள் அங்கே ஆலோசனை கேட்பதானாலும், இன்ன மருந்து, இத்தனை வீதம் என்று சொல்லத் தெரிந்தால்தான் பதில் கிடைக்கும். போத்தலில் பெயரே இல்லாவிட்டால் டாக்டர் என்ன செய்வார்?

போத்தலுக்குப் பெயர் வேண்டும்

இதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.

தோட்டத்தில் மருந்தென்ற சொல்லுக்கு நோய் தீர்ப்பது என்ற அர்த்தம் மட்டுமில்லை. நம் பாட்டன்மார் காலத்தில் லாலாங் புல்லைக் கொல்ல சோடியம் ஆர்ஸெனைட் என்னும் பாஷாணத்தைத் தெளித்தார்கள். அதற்கும் "மருந்து" என்றுதான் பெயர். பிறகு பாராகுவாட் வந்தது. அதற்கு முறிமருந்தே கிடையாது. அதை முதுகில் சுமந்து தெளித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். இந்நாட்டில் 2002-இல் அதற்குத் தடை அறிவித்தார்கள், 2006-இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி 1-ஆம் தேதி முதல்தான் முழுத் தடை வந்தது. அந்தத் தடைக்காக ஒரு தலைமுறை குரல் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்தப் பாராகுவாட் பார்ப்பதற்குக் கறுப்புக் குடிபானம்போல் இருந்ததால், போத்தல் மாற்றி ஊற்றிய இடங்களில் குடித்து மாண்டவர்கள் உலகெங்கும் உண்டு. ஆகவே செய்தவர்களே அதில் நாற்றத்தையும் நிறத்தையும் வாந்தி வரவழைக்கும் பொருளையும் சேர்த்தார்கள். பெராக்ஸைடைப் பாருங்கள். நிறமில்லை. சொல்லத்தக்க வாசனையுமில்லை. தண்ணீருக்கும் அதற்கும் கண்ணால் பேதம் காண முடியாது. அதற்குள்ள ஒரே எச்சரிக்கை, போத்தலின் மேல் ஒட்டிய சீட்டுத்தான். அந்தச் சீட்டைக் கிழித்தவன், அதன் வாயையே கட்டிவிட்டவனாகிறான்.

இது தயவாகக் கேட்டு வாங்கும் காரியமல்ல. 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி, வேலைக்காரருக்கு அபாயத்தைத் தெரிவித்துப் பயிற்சி கொடுப்பது முதலாளியின் கடமை. அபாயமான ரசாயனப் பொருள்களைப் பற்றிய 2000-ஆம் ஆண்டின் விதிகள், பெயர்ச்சீட்டு அழியாமல் இருக்க வேண்டுமென்றும், வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் அதற்கும் சீட்டு வேண்டுமென்றும் சொல்கின்றன. 2013-ஆம் ஆண்டின் விதிகளின்படி, விற்பவர் மலாயிலும் ஆங்கிலத்திலும் சீட்டு ஒட்டி, பாதுகாப்பு விவரத் தாளும் கொடுக்க வேண்டும். பூச்சிக்கொல்லி என்று விற்பதற்கோ 1974-ஆம் ஆண்டின் சட்டப்படி பதிவு வேண்டும்.

சட்டம் மலாயும் ஆங்கிலமும் போதுமென்று சொல்கிறது. ஆனால் நம் அக்காமார்களுக்கு அது போதாது. மூன்றாவது வரியைத் தமிழில் எழுதுவது யார்? கிராணியாகிய நான்தான். வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து நம்மோடு உழைக்கும் தோழர்களுக்கும் அவர்களுக்குப் புரிகிற விதத்தில் சொல்ல வேண்டியதும் நம் கடமையே.

ஆகவே, கிளைத் தோழர்கள் மூன்று காரியங்களை இன்றே ஏற்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, பெயரும் வீதமும் தேதியும் எழுதாத எந்தப் போத்தலும் ஸ்டோரைவிட்டு வெளியே போகக் கூடாது. கொடுப்பவன் கிராணியானாலும் வாங்குபவர் மறுக்க வேண்டும். இரண்டு, குடிதண்ணீர்ப் போத்தலிலும் குடிபானப் போத்தலிலும் எந்த மருந்தையும் ஊற்றக் கூடாது. மூன்று, ஸ்டோரிலுள்ள மருந்துகளின் விவரத் தாள்களை மாதம் ஒரு முறை இதே இடத்தில் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். முதல் மாதம் நானே படிக்கிறேன்.

அந்த அக்கா மறுபடியும் மிளகாய் வைத்திருக்கிறார். டின்னுக்கு அடியில் துளையும் போட்டிருக்கிறார். போன வாரம் ஒரு 3 வீதப் போத்தல் வாங்கி வந்து என் மேசைமேல் வைத்து, "எழுது தம்பி" என்றார். நான் பேனாவை எடுப்பதற்குள், கூட வந்த பேரன் என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டான். "மருந்து. குடிக்கக் கூடாது" என்று கொட்டை எழுத்தில் அவனே எழுதினான்.